வாரியில் போகாத ரோடு

ஸ்கூட்டியை நிறுத்திய பிறகும் தலைக்கவசத்தைக் கழற்றாமல் நடந்துபோகிற மேடம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார். வைகாசி வெயில். இரண்டு பக்கமும் கருவேல மரங்கள் அடர்ந்திருக்க, நடுவில் வெள்ளை மணல் பரந்து கிடந்த ஒரு தடத்தில் அவர் முன்னால் போனார். டேப்பையும் முளைக்குச்சிகளையும் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் "ஹெல்மெட்டு மேடம், ஹெல்மெட்டு மேடம்" என்று கூடவே ஓடிவந்தார்கள். "வண்டிய தொலைச்சுட்டு தேடுறாக போல" என்றான் ஒருத்தன். அவர் நின்று முகக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "வெயிலுக்குடா. ஒனக்கும் ஒண்ணு வேணுமா?" என்று கேட்டார். அவன் ஓடிப்போனான். அவர் குனிந்து ஒரு கை மணலை அள்ளி விரல் இடுக்கில் வழியவிட்டார். சுற்றிலும் செம்மண்ணும் செம்பாறையுமாக இருக்கிற பூமியில், அந்தத் தடத்தில் மட்டும் கழுவி வைத்ததுபோல மணல்.

"இது என்னது?" என்று என்னைக் கேட்டார். "பாதைங்க மேடம்" என்றேன். எனக்கு ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

கீரனூருக்கும் குன்றாண்டார்கோவிலுக்கும் இடையில் உள்ளடங்கிக் கிடக்கும் ஊர் அது. மேடம் உதவிப் பொறியாளர். நான் படித்து முடித்த கையோடு அவருக்குக் கீழே ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்திருந்தேன். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் தார் ரோடு போட உத்தரவு வந்திருந்தது. எந்த வழியாகப் போடுவது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. பல வருடமாக மழை பொய்த்துப்போய், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்து வாரி காய்ந்து கிடந்தது. நேராகவும் அகலமாகவும் இருந்ததால் சனங்கள் அதிலேயே நடக்க ஆரம்பித்து, சைக்கிள் ஓட்டி, டிராக்டர் ஓட்டி, கடைசியில் அதைப் பாதை என்றே கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அது வாரி என்பது யாருக்கும் தெரியாததல்ல. கேட்டால், "வாரிதாங்க. தண்ணி வந்தால்ல வாரி?" என்று சிரிப்பார்கள். யார் நிலத்தையும் கேட்க வேண்டாம், வளைய வேண்டாம், சீக்கிரம் முடிந்துவிடும்.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் கூட்டம் போட்டோம். வாரியில் ரோடு போட முடியாது, கிழக்கே மேட்டு வழியாகச் சுற்றித்தான் போட வேண்டும் என்று மேடம் சொன்னார். பிறகு ஊராட்சித் தலைவர் எழுந்தார். "மேடம், நீங்க பொறக்குறதுக்கு முன்னாடியிருந்து நாங்க ரோடு கேக்குறோம். இப்பத்தான் வருது. அதையும் காட்டச் சுத்திக் கொண்டாந்து விடுறேங்கிறீங்க. மேட்டுல போனா பதினாறு பேர்க்கிட்ட நெலம் கேக்கணும். எங்க ஊர்ல பதினாறு பேரு ஒண்ணாச் சேந்து ஒரு டீ குடிச்சதில்லைங்க."

கூட்டம் சிரித்தது. மேடமும் சிரித்தார். "குடிக்க வைக்கலாங்க" என்றார். "ரோட்டை வாரியில போட்டா ஒரு பெரிய மழைக்கு ரோடும் போகும், கண்மாய்க்குத் தண்ணியும் போகாது. மறுபடி ரோடு கேட்டு மனு எழுதுவீங்க. மறுபடி மலையை ஒடச்சு ஜல்லி வரணும், மறுபடி தார் காய்ச்சணும்."

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் பேசினார். மெயின் ரோட்டு முக்கில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "மேடம், எம்புள்ள பத்தாவது எழுதியிருக்கு. பதினொண்ணுக்கு கீரனூரு போகணும். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு, இந்தக் கருவக்காட்டுக்குள்ள தனியா வரணும். ரோடு இருந்தா மினி பஸ் விடுறேன்னு சொல்லியிருக்காக. இல்லேன்னா அவுகப்பா நிறுத்திருவேங்குறாரு. மழை எப்ப வரும்னு தெரியாது. பள்ளிக்கூடம் எப்ப தெறக்கும்னு தெரியும்ல?"

மேடம் அந்த அக்கா பக்கம் திரும்பினார். "எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் முடிச்சுத் தாரேங்க" என்றார்.

அந்த அக்கா பேசியது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. அப்பா நார்த்தாமலைப் பக்கம் குவாரியில் கல் உடைத்தவர்; பல ஊர் ரோட்டுக்கு அவர் உடைத்த ஜல்லி போயிருக்கும், எங்கள் ஊருக்கு ரோடு வர ரொம்ப நாள் ஆனது. நான் ஆறாம் வகுப்பு போகிற வருடம் பஸ் வந்தது. என்னைவிட மூத்த பையன்கள் படிக்கவில்லை, நான் படித்தேன். புத்தி வித்தியாசம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, பஸ் வித்தியாசம். அதனால் மேடம் சொன்னது சரி என்று படிப்பு சொன்னாலும், மனசு அந்த டீக்கடைப் பக்கமே நின்றது. மேடத்திடம் இதைச் சொன்னேன். "எனக்கும் அப்படித்தான் நிக்குது" என்றார்.

அதன் பிறகு வந்த மாதங்களில் அவரைப் போலத் தனியாக இருந்த ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. வாரத்தில் பாதி நாள் அந்த ஊருக்குப் போவார். நிலக்காரர் வீடு வீடாக நின்று பேசுவார். சிலர் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். ஒருவர், "தம்பி கையெழுத்துப் போட்டா நான் போடுறேன்" என்றார். தம்பியிடம் போனால், "அவரு போடட்டும், அப்புறம் பாப்போம்" என்றார். அண்ணனும் தம்பியும் பேசி வருடக்கணக்காகியிருந்தது. மேடம் இருவர் வீட்டுக்கும் நடுவில் நடந்து நடந்து, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் நல்ல வார்த்தையாக மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மதியம் கண்மாய்க்கரை வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர் சோறு சாப்பிடுவார். அந்த ஊரில் யாரும் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கவில்லை. அலுவலகத்திலும், "ஊரே கேக்குது, போட்டுக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே" என்றார்கள். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரிடமோ சொல்வதுபோல, "நான் சொல்றது சரிதான்னு தெனம் காலையில எனக்கே ஒரு தடவ சொல்லிக்கிட்டுத்தான் வண்டிய எடுக்குறேன்" என்றார். நான் ஊறுகாயை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

கடைசி ஆள் சம்மதித்தபோது தை பிறந்திருந்தது. மாசியில் வேலை தொடங்கியது. தூர்ந்துபோன கண்மாயில் வெட்டிய மண்ணைக் கொண்டுவந்து ரோட்டுக்குக் கரை உயர்த்தினோம். வெளியூரிலிருந்து லாரி லாரியாக மண் வரவில்லை, கண்மாயும் ஆழமானது. தண்ணீர் கடக்கிற இரண்டு இடத்தில் பாலம் கட்டினோம். புளியமரம் ஒன்றுக்காக ரோடு கொஞ்சம் ஒதுங்கிப் போனது. ஆடியில் மினி பஸ் வந்தது. தலைவர் சந்தனம் தெளித்துத் தேங்காய் உடைத்தார்.

டீக்கடை அக்காவின் மகள் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. அரைப் பரீட்சை வரைக்கும் அவள் வாரி மணலில் நடந்தே மெயின் ரோட்டுக்குப் போய் வந்தாள். மார்கழியில் ஒரு சாயங்காலம் எவனோ பின்னாலேயே வந்திருக்கிறான். மறுநாளே அவளுடைய அப்பா நிறுத்திவிட்டார். பஸ் வந்தபோது அவள் திருப்பூரில் சித்தி வீட்டில் இருந்தாள்.

விழா முடிந்ததும் மேடம் கடைக்குப் போனார். நானும் போனேன். அக்கா முதன்முறையாக எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். கண்ணாடி டம்ளரைக் கழுவியபடியே, "ரோடு நல்லா இருக்கு மேடம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எம்புள்ளைக்குத்தான் கொஞ்சம் லேட்டாயிருச்சு." அதில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் மேடம் தாங்கியிருப்பார். திரும்பிப் போகையில் ஸ்கூட்டியைக் கிளப்பாமல் வெகுநேரம் தள்ளிக்கொண்டே நடந்தார். சில மாதத்தில் வழக்கமான மாறுதலில் வேறு மாவட்டம் போய்விட்டார்.

சில வருடம் கழித்து, போன ஐப்பசியில் மழை வந்தது. விடாமல் பெய்தது. நான் போய்ப் பார்த்தபோது வாரியில் செந்தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. வேரோடு பிடுங்கிய கருவேல மரங்கள் புரண்டு போயின. மேட்டில் ரோடு ஈரமாகப் பளபளத்துக்கொண்டு சும்மா இருந்தது. அதன்மேல் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. தலைவர் என்னைக் கண்டதும் தோளில் தட்டி, "நல்லவேளை, நாம அன்னிக்கி யோசிச்சு இங்கிட்டுப் போட்டோம்" என்றார். "ஆமாங்க" என்றேன். மேடத்தின் பேரை அங்கே யாரும் சொல்லவில்லை. ரோடு அடித்துப் போயிருந்தால் யார் போட்டது என்று கேட்டிருப்பார்கள்.

தீபாவளிக்கு வந்திருந்த அந்தப் பெண்ணும் கூட்டத்தில் நின்றாள். அவளே வந்து பேசினாள். "இம்புட்டுத் தண்ணி வருமாண்ணே இதுல?"

"வரும்மா."

"அப்ப இதுல போட்டிருந்தா ரோடு போயிருக்கும்."

"போயிருக்கும்."

தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆனா நான் பன்னெண்டாவது முடிச்சிருப்பேன்" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. பஸ் வந்துவிட்டது, போய்விட்டாள்.

மேடத்துக்கு போன் செய்தேன். வாரி ஓடுவதையும் கண்மாய் நிரம்புவதையும் சொன்னேன். "அந்தப் புள்ள என்ன பண்ணுது?" என்றுதான் கேட்டார். அவள் சொன்ன இரண்டையும் அப்படியே சொன்னேன். பிறகு அவர் சொன்னார்: "தம்பி, அந்த வாரியிலயே கொஞ்சம் கிராவல் மண்ணக் கொட்டி மட்டம் பண்ணி, மழை வர்ற வரைக்கும் ஒரு ஸ்கூல் வேன விட்டிருக்கலாம்ல? அது பாட்டுக்கு ஓடிருக்கும். நாம மேட்டுல நம்ம ரோட்டப் போட்டிருக்கலாம். அந்த வருசம் ஒரு சொட்டு மழை பெய்யல. எனக்கு ஏன் தோணவே இல்ல?"

யாருக்குமே தோணவில்லை. ஊர் தார் ரோடு என்ற ஒன்றையே கேட்டது. மேடம் வாரியில் கூடாது என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தார். நடுவில் கிடந்த மணல் தடம் எல்லார் காலடியிலும் இருந்தது.

இப்போது கட்டுமாவடி போகிற வழியில் வேறொரு ஊர். நானே தனியாகப் பார்க்கிற முதல் வேலை. அங்கேயும் ஒரு காய்ந்த வாரி, அங்கேயும் மேட்டில் வளைந்து போகிற ரோடு. முதல் வேலையாக வாரியில் கிராவல் கொட்டி வேன் விட்டேன். "கரைஞ்சு போறதுக்கு எதுக்கு இம்புட்டு மெனக்கெடுறீக?" என்று அலுவலகத்தில் கேட்டவருக்கு, அது கரையத்தான் போட்டது என்று சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. காலையில் மேட்டில் நின்று வேலை பார்க்கும்போது, கீழே வாரியில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வேன் போகும். அதில் இருக்கிற எந்தப் பிள்ளைக்கும் என்னைத் தெரியாது. புரட்டாசி பிறந்துவிட்டது. மேட்டு ரோட்டில் இன்னும் ஒரு பாலம் பாக்கி இருக்கிறது.