இரண்டரை மணிச் சாப்பாடு

வன்னியில், அக்கராயன் குளத்தடியில் வீரகத்தியைத் தெரியாதவர்கள் குறைவு. வேலணையிலிருந்து காணி கிடைத்து வந்து, காடு வெட்டி, மூன்று ஏக்கரை வயலாக்கிய மனிதர். ஆனால் ஊரில் அவரைப் பற்றிய கதையெல்லாம் அவருடைய நாக்கைப் பற்றியதுதான். குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலும் பேசாமல் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவார். மனைவி நாகேஸ்வரி அதற்குப் பழகிப்போயிருந்தாள்.

1962ஆம் ஆண்டு நெற்கதிர் சூடடிக்கும்போது உமி ஒன்று பறந்து அவருடைய இடது கண்ணைக் கிழித்துவிட்டது. கொழும்புக் கண்ணாஸ்பத்திரிக்குப் போய் ஏழு நாள், நாளும் காலையில் மருந்து போட்டுக் கட்ட வேண்டும் என்றார்கள். கறவை மாட்டைப் பார்க்க ஆள் இல்லாததால் நாகேஸ்வரி வீட்டில் நின்றுவிட்டாள். வீரகத்தி தனியாக ரயிலேறினார். செட்டியார் தெருவுக்குப் பின்னால் ஒரு மடத்தில் படுக்க இடம் கிடைத்தது. சாப்பாடு அங்கே இல்லை. உளுந்து விற்ற காசில் திரும்பிப் போகும் செலவைத் தனியே முடிந்து வைத்தால், மிச்சம் காலையில் ஏதும் கடித்துக்கொண்டு மத்தியானம் ஒருவேளை சோறு தின்னத்தான் காணும். ஒருவேளை போதும், ஆனால் அது நல்ல சாப்பாடாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய யோசனை.

முதல் நாள் கண்ணில் பஞ்சும் சீலையும் கட்டிய தலையோடு புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் மணம் பிடித்துக்கொண்டு நடந்தார். பெரிய கடைகளில் எண்ணெய் மணந்தது. ஒடுங்கிய கடையொன்றின் வாசலில் மீன்குழம்பு மணந்தது. தயங்கி நின்றார். சனம் சாப்பிட்டுக் கலைந்துபோன நேரம். உள்ளே வாங்குப் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்த பரிமாறுகிறவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கை அண்ணை, மூண்டு கிழமையாக் காணேல்லை? வாங்கோ. உங்கடை இடம் சும்மாதான் கிடக்கு."

"நான் வன்னியிலையிருந்து வாறன். இண்டைக்குத்தான் முதல் தரம்."

"பகிடி விடாதேங்கோ, கனகலிங்கண்ணை" என்று அந்த மனிதர் சிரித்தார். அவர் பெயர் பரமலிங்கம். சுவரோரக் கதிரையில் இவரை இருத்தி, கேட்காமலே கொண்டுவந்து வைத்தார். அரைச் சாப்பாட்டுக் காசுதான், ஆனால் சோறு குவியலாக இருந்தது. முருங்கையிலை வறை. அடிச்சட்டியில் வற்றித் தடித்துப்போன மீன்குழம்பு. "இரண்டரைக்கு வந்தால் அடிச்சட்டி உங்களுக்கெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றார்.

அப்படி ஒரு குழம்பை வீரகத்தி தன் ஆயுளில் தின்றதில்லை. மறுத்துப் பேச வந்த வாயில் அடுத்த பிடி சோறு போய்விட்டது.

அடுத்த நாள் காலையில் மஹ்றூப் என்பவரின் தேத்தண்ணிக் கடையிலும் அதுவே நடந்தது. "எங்க போனீங்க இவ்வளவு நாளும்?" என்று கேட்டபடி மஹ்றூப் முதல்நாள் பாணைத் தணலில் வாட்டி, சம்பலும் சொதியும் வைத்தார். புதுப் பாணின் விலையில் பாதிதான். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு குடையை எடுத்து வந்து, "விட்டுட்டுப் போயிட்டீங்க" என்று நீட்டினார். அதன் பிடி தேய்ந்திருந்தது. தேய்ந்த இடங்களில் வீரகத்தியின் விரல்கள் சரியாகப் போய்ப் பொருந்தின. அவர் அதை அங்கேயே சாய்த்து வைத்துவிட்டு வந்தார்.

தெருவில் நடக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. அரைவாசி முகத்தை மூடிக் கட்டியிருக்கிறது. கண்ணுக்கு என்ன நடந்தது என்று இரண்டு கடையிலும் ஒருவரும் கேட்கவில்லை.

இருந்தாலும் மூன்றாம் நாளும் இரண்டரைக்குப் போனார். நான்காம் நாளும் போனார். வேறு கடையில் தின்னக் காசு காணாது என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். இப்போது கடைகளின் வழியைத் தேட வேண்டியிருக்கவில்லை. கால்கள் முன்னே போயின, அவர் பின்னால் போனார்.

ஐந்தாம் நாள் காலை அந்தக் கால்கள் முன்பின் தெரியாத ஒரு முடுக்குச் சந்துக்குள் திரும்பின. அங்கே ஒரு வீட்டு வாசலில் லதீபா என்ற நடுத்தர வயதுப் பெண் அப்பம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். வீரகத்தியைக் கண்டதும் அகப்பை அப்படியே நின்றது. சட்டியில் அப்பம் கருகத் தொடங்கியது. அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"நீங்க அவரில்ல."

"ஓம், நான் அவரில்லை" என்றார் வீரகத்தி. முதல் நாளுக்குப் பிறகு அவர் சொல்லாத பேச்சு அது. "ஆர் அவர்?"

"கனகலிங்கம் எண்டு சொல்லுவாங்க. மேல சாமான் அறையில தனியாத்தான் இருந்தார். மூணு கிழமைக்கு முந்தி இந்தப் படியில குந்தி அப்பம் திண்டார். அப்படியே சுவருல சாஞ்சிட்டார். நான் கூப்பிட்டுப் பாத்தேன். ஆளில்ல." அவள் கருகிய அப்பத்தைச் சுரண்டி எறிந்தாள். "சொந்தமெண்டு ஒருத்தரும் வரல்ல. அரசாங்கக் கச்சேரி ஆக்கள் கொண்டுபோனாங்க."

"என்னைப் போலயே இருப்பாரோ?"

"இதே முகந்தான். கடைசிக் கிழமை கண்ணுல ஏதோ பட்டிட்டுதெண்டு சீல கட்டியிருந்தார்." கையால் தன் இடது கண்ணைத் தொட்டுக் காட்டினாள். "இந்தப் பக்கம்."

வீரகத்திக்கு அப்போதுதான் விளங்கியது. செத்த மனிதன் தேடி வைத்த முகதாட்சண்யத்தை இத்தனை நாளும் இருந்து தின்றிருக்கிறார். இரண்டரைக்குப் பரமலிங்கத்திடம் போனார். தன் பெயரையும் ஊரையும் சொன்னார், கனகலிங்கம் போன விதத்தையும் சொன்னார்.

பரமலிங்கம் தோளில் கிடந்த துவாயை எடுத்து மேசையில் வைத்தார்.

"அப்ப நேற்று வந்தது?"

"நான்தான்."

"ரண்டு தரமும்?"

"ஒருக்காத்தானே வந்தனான்."

"இல்லை அண்ணை. இரண்டரைக்குச் சாப்பிட்டிட்டுப் போனியள். மூண்டு மணிக்குத் திரும்பி வந்தியள். இன்னும் பசிக்குதோ எண்டு நான் கேட்டனான். நீங்கள் கதைக்கேல்லை. போட்டதைத் திண்டிட்டு எழும்பிப் போனியள்." பரமலிங்கத்தின் குரல் இறங்கிப்போனது. "முந்தநாளும் அப்பிடித்தான்."

அன்று வீரகத்தி அங்கே சாப்பிடவில்லை. தன் அன்றைய சாப்பாட்டுக் காசுக்கு அடிச்சட்டிக் குழம்பும் சோறும் வாழையிலையில் கட்டுவித்தார். பரமலிங்கம் காசை வாங்க மறுத்தார். இவர் மேசையில் வைத்துவிட்டு வந்தார். கடற்கரைக் கல்லணையில் இலையை விரித்து, "கனகலிங்கண்ணை, உங்கடையை எடுங்கோ" என்றார். கொழும்புக் காகங்கள் கையில் இருப்பதையே பறிப்பவை. அவை எதிர்மதிலில் வரிசையாக இருந்து பார்த்தன. ஒன்றும் இறங்கவில்லை. பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தார். இலை கழுவி வைத்ததுபோலக் கிடந்தது. காகங்கள் மதிலிலேயே இருந்தன.

மிச்ச இரண்டு நாளும் மடத்துக் கிணற்றடியில் இருந்து வாழைப்பழமும் பாணும் தின்று, மருந்து போட்டு முடித்துக்கொண்டு ஊர் வந்தார். கண் சுகமானது. நாகேஸ்வரியிடம் மட்டும் எல்லாம் சொன்னார். அவள் உப்பைப் பார்த்துப் பார்த்துப் போட்டுச் சமைத்தாள். அவரும் அதற்குப் பிறகு கோப்பையைத் தள்ளி வைத்ததில்லை.

ஆறு வருடம் கழித்துப் பக்கத்துக் காணி அப்புத்துரை ஏதோ அலுவலாகக் கொழும்புக்குப் போனார். குறைந்த காசில் எங்கே நல்லாய்ச் சாப்பிடலாம் என்று கேட்டபோது, வீரகத்தி வெகுநேரம் யோசித்துத்தான் பரமலிங்கத்தின் கடையைச் சொன்னார். திரும்பி வந்த அப்புத்துரை வரம்பில் நின்றபடியே குழம்பைப் புகழ்ந்தார்.

"நான் அக்கராயன் எண்டதும் அந்தாள் உங்களைத்தான் கேட்டுது."

"என்ன கேட்டது?"

"கேக்கேல்லை, சொன்னது. வீரகத்தியண்ணை இப்பவும் இரண்டரைக்கு வாறவராம். முந்தியைப் போலக் கதைக்கிறேல்லையாம். நீங்கள் எப்ப கொழும்புக்குப் போறனீங்கள்? எனக்குத் தெரியாதே."

வீரகத்தி மண்வெட்டியை ஊன்றிப் பிடித்துக்கொண்டார். "ஆளை மாறிச் சொல்லியிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து அவர் மத்தியானச் சாப்பாட்டைப் பன்னிரண்டு மணிக்கே முடித்துவிடுவார். இரண்டரை மணிக்கு, வெயிலென்றாலும் மழையென்றாலும், நாலு பேர் கண்ணில் படும்படி வயலில் நிற்பார். வழியால் போகிறவர்களை வலியக் கூப்பிட்டுக் கதைப்பார். அந்த நேரத்தில் தான் கொழும்பில் இல்லை, இந்த வயலில்தான் நிற்கிறேன் என்பதை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.