மாற்றி மடக்கிய இலை

முத்துராணி இளைத்ததை டவுண் முழுக்கப் பார்த்தது. முன்பெல்லாம் வாகையடி முனையில் பஸ் ஏறினால் இரண்டு பேர் இடத்தை அடைத்து உட்காருவாள். ஒரு வருஷத்துக்குள் பாதியானாள். வேலை பார்க்கும் ஜவுளிக் கடையில் கேட்டவர்களுக்கெல்லாம், காலையில் குறுக்குத்துறை வரை நடக்கிறேன், ராத்திரி கேப்பைக் கூழ்தான் என்று சொன்னாள். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தது அவள் புருஷனுக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களிடம் பித்தப்பையில் கல் என்று சொல்லியிருந்தாள். வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை அறுத்துக்கொண்டவள் என்று ஊர் சொல்லிவிடும் என்பதுதான் அவள் பயம்.

அதன் பிறகு நாலு வாய்க்கு மேல் சோறு இறங்காது. அவசரப்பட்டு விழுங்கினால் நெஞ்சுக்குள் கட்டியாக நிற்கும். வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும். இனிப்பு பட்டால் படபடப்பு, வேர்வை. சீப்பில் முடி கொத்தாக வந்தது. கைச்சதை தொங்குவது தெரியாமலிருக்க முழங்கை வரை ரவிக்கை தைத்துப் போட்டாள். எல்லாவற்றையும் பழகிக்கொண்டாள், பந்தியைத் தவிர. கல்யாண வீடுகளில் தாலி கட்டியதும் நழுவிவிடுவாள்.

அண்ணன் பெருமாள்ராஜின் மகன் கல்யாணத்தில் நழுவ முடியாது. மாப்பிள்ளைக்கு அவள் அத்தை. தன் மகளைத்தான் அண்ணன் மகனுக்கு எடுப்பார்கள் என்று அவள் பல வருஷம் நினைத்திருந்தது சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரியும். பெண் வெளியில் அமைந்துவிட்டது. வருத்தம் இருந்தது, ஆறியும்விட்டது. ஆறிவிட்டதை நாலு பேர் பார்க்க உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது.

சேரன்மகாதேவி மண்டபத்தில், அண்ணன் மனைவி தனலட்சுமி அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெண்ணின் அம்மா பக்கத்தில் உட்கார வைத்தாள். தானே பரிமாறினாள். காற்றடித்தால் விழுந்துவிடுவாய் போலிருக்கிறாய் என்று சொல்லிச் சொல்லிச் சோற்றைக் குவித்தாள்.

நாலாவது வாயில் நெஞ்சு அடைத்தது. முத்துராணி சோற்றைப் பிசைந்து பிசைந்து இலையில் பரப்பிக்கொண்டிருந்தாள். தனலட்சுமி பாயச வாளியோடு வருவது தெரிந்தது. பாயசம் விழுந்தால் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் அங்கேயே வாந்தி. இலையின் மேல் பாதியை இழுத்து மூடினால் குழம்பு மடியில் வழியும். அவள் யோசிக்கவில்லை. தன் பக்கத்துப் பாதியைச் சோற்றோடு தூக்கி அந்தப் பக்கமாகக் கவிழ்த்து மூடிவிட்டு எழுந்தாள்.

இழவு வீட்டில்தான் அப்படி மடக்குவார்கள்.

பெண்ணின் அம்மா அந்த இலையைப் பார்த்தாள். பிறகு தனலட்சுமியைப் பார்த்தாள்.

கை கழுவுகிற இடத்தில் வாந்தியெடுத்து முகம் கழுவி நிமிர்வதற்குள் மண்டபம் பூராவும் பேச்சு பரவிவிட்டது. தன் மகளை எடுக்காத வயிற்றெரிச்சலில் அத்தைக்காரி இலையை மாற்றி மடக்கிவிட்டாளாம். மணப்பெண் அழுகிறாளாம். அண்ணன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

தனலட்சுமி வந்து நின்றாள். கத்தவில்லை.

“ஒன் மனசுல அப்படி என்னதான் இருந்துது? எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?”

தெரியாமல் மடக்கிவிட்டேன் என்றாள் முத்துராணி. கல்யாண வயசில் மகள் இருப்பவளுக்கு அது தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? தனலட்சுமி நகரவில்லை.

“வயித்த அறுத்துட்டேன் மைனி. பித்தப்பை இல்ல, இரைப்பைய. சோறு எறங்காது. நீங்க பாயசம் கொண்டு வாரதப் பாத்துப் பயந்துட்டேன்.”

தனலட்சுமி அவள் வயிற்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

“அப்பம் நடந்து நடந்து மெலிஞ்சேன்னு சொன்னது? ஒன் பேச்சக் கேட்டு விடியக்காலம் ஆத்துப்பாலத்துக்கும் வீட்டுக்குமா நடந்து முட்டு தேஞ்சு கெடக்கேன். தெனமும் கூழாக் காய்ச்சுதேன்னு ஒங்க அண்ணன் வேற ஏசுதாவ.”

இலைக்காகக் குனிந்த முத்துராணியின் தலை இன்னும் குனிந்தது. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

“நான் சொல்லல. அழுதுட்டிருக்க பிள்ளைட்ட நீயே போய்ச் சொல்லு.”

மணப்பெண் அறையில் பெண்ணின் அம்மா முதலில் நம்பவில்லை. முத்துராணி கதவைச் சாத்தச் சொன்னாள். சேலையை விலக்கிக் காட்டினாள். தழும்புகள் சின்னவை. காலிப் பை மாதிரி மடிந்து தொங்கிய தோலைப் பார்த்துத்தான் அவர்கள் நம்பினார்கள். மணப்பெண் அழுகையை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீரவநல்லூரில் பெண் வீட்டுக்கு மறுவீட்டு விருந்துக்குப் போனபோது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவள் இடத்தில், குழந்தைகளுக்குப் போடுவதுபோல, கிழித்த சின்ன இலை. இரண்டு கரண்டி சோறு. பாயசம் ஊற்ற வந்தவரைப் பெண்ணின் அம்மா உரக்கத் தடுத்தாள்.

“அவங்களுக்கு ஊத்தாதீங்க. வயிறு கெடையாது.”

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். முத்துராணி ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்றாள். வரிசை எழுந்து போயிற்று. தனலட்சுமி மட்டும் சாப்பிட்டு முடித்த கையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் பெண்ணின் அம்மா, இலையையே பார்த்தபடி.

முத்துராணி இலையின் மேல் பாதியைப் பிடித்து, பைய, தன் பக்கமாக மடக்கினாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் தனலட்சுமி தன் இலையை மடக்கினாள்.