பச்சை மோட்டாரை உரித்தது

என் மேசை மேல் விரல் நீளத்தில் ஒரு தகர மோட்டார் கார் பொம்மை இருக்கிறது. வெறும் தகரம். வாங்கிய அன்று அது பச்சையாக இருந்தது. உரித்தவன் நானேதான்.

யுத்த காலத்தில் விழுப்புரத்தில் ஒரு பஸ் முதலாளியின் ஷெட்டில் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தேன். யாரையும் நம்பமாட்டேன் என்பதாலேயே அந்த வேலை எனக்குக் கிடைத்தது. அங்கே பஸ்ஸுக்குப் பச்சை அடித்து எழுத்து எழுதியவரைப் பெயின்டர் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. துரை வீட்டுப் பிள்ளைகள் விளையாடித் தள்ளிய ஈயச் சிப்பாய்கள், தகர மோட்டார்கள் எல்லாவற்றையும் புதுச்சேரியில் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வருவார். சாப்பாட்டு வேளையில் அவற்றைச் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பார். சக்கர இடுக்கில் ஒட்டிய அடிப்பூச்சைத் தீட்டிய குடைக்கம்பியால் நோண்டி எடுப்பார். "பழசு மேலயே அடிச்சா நிக்காது சார். அம்மணமாக்கிட்டுத்தான் புதுத்துணி கட்டணும்" என்பார். புது வண்ணம் பூசியவற்றை மயிலம் பங்குனி உத்திரத்தில் விற்பார்.

பெயின்ட் கிடைக்காத காலம் அது. ஸ்டோரில் பச்சை டின் ஒன்று எடை குறைந்தாற்போல் எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அவர் கை கழுவப் போனால்கூட விரல் நகத்தைப் பார்ப்பேன். உத்திரத்தன்று மயிலத்துக்கே போனேன். அவர் விரித்திருந்த துணியில் எங்கள் பஸ்ஸின் அதே பச்சையில் ஒரு மோட்டார்! "பையனுக்கு" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

மறுநாள் அதை முதலாளியிடம் காட்டினேன்.

"எடுத்தத நீ கண்ணால பாத்தியா?" என்றார்.

"பாக்கணுமாங்க? கலரே சொல்லுதே" என்றேன்.

அன்று மத்தியானமே பெயின்டரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "நான் எடுக்கலீங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். எந்தத் திருடன்தான் ஒப்புக்கொள்வான் என்று நினைத்துக்கொண்டேன்.

பச்சைக்கு அடியில் எங்கள் ஷெட்டின் அடிப்பூச்சும் இருக்கும், அதையும் பார்த்துவிடுவோம் என்று, வீட்டில் அவரைப் போலவே சோடா வெந்நீரில் மோட்டாரைப் போட்டேன். மேலே இருந்த அரக்கு மெருகு கரைந்தது. அப்புறம் தண்ணீர் சிவந்தது. ஆரத்தித் தட்டில் இருப்பதைப் போலச் சிவந்தது. மஞ்சளில் சுண்ணாம்போ சோடாவோ பட்டால்தான் அப்படி ஆகும்; கடைப் பெயின்ட் ஆகாது. மனிதர் மஞ்சளையும் சலவை நீலத்தையும் குழைத்துப் பச்சை பண்ணியிருக்கிறார். அடிப்பூச்சு வெறும் சீமைச்சுண்ணாம்பு.

காலையில் சொல்லிவிடத்தான் போனேன். முதலாளி நாலு பேர் நடுவில் என்னைக் காட்டி, "இவனாட்டம் ஒரு ஆளு இருந்தா எனக்கு இன்னா பயம்?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கம்தான், வேறு காரணம் இல்லை.

ஒரு வருஷம் கழித்துத் திண்டிவனத்தில் அவரைப் பார்த்தேன். ஓர் ஓட்டல் பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

"நல்லாகீறீங்களா சார்? அந்த மோட்டார வெச்சிக்கினு பையன் வெளையாடுறானா?"

"விளையாடுறான்" என்றேன்.

"வாயில வெச்சாலும் பயமில்ல சார். கொழந்தைங்க சமாச்சாரமாச்சே, கடை பெயின்ட் ஆவாதுன்னு மஞ்சள்தான் போட்டேன்."

என் காரியம் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? அந்த மனிதரை இன்னமும் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.