மைனி வீட்டுப் பிடில்

வயலின் என்று சொன்னால் மைனிக்குப் பிடிக்காது. பிடில் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் புருஷன் அப்படித்தான் சொல்வார். எனக்கு அவர் கூடப்பிறக்காத அண்ணன், மாதா கோயில் பாடகர் குழுவில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர். அந்த அண்ணன் மனைவி என்பதால் மைனி. கப்பல் வேலைக்குப் போனவரை ஒருநாள் காலையில் கப்பலில் காணவில்லை என்று தகவல் வந்தது. உடம்பு கிடைக்கவில்லை. அவருக்காக இறந்தோர் பூசை வைக்க மைனி சம்மதிக்கவே இல்லை.

"ஆளக் காணல, அவ்வளவுதான். செத்தத யாரு பாத்தா?" என்பாள். யாரும் பார்க்கவில்லை.

சும்மா கிடந்தால் பிடில் பாழாகிவிடும், யாராவது வாசியுங்கள் என்று அவள்தான் எங்களைக் கூப்பிட்டாள். அப்படி உண்டானதுதான் எங்கள் குழு. என்னிடம் சொந்த பிடில் இருந்தது. அண்ணனுடையதைப் பாடகர் குழுவில் இருந்த டீச்சர் வாசிக்க எடுத்துக்கொண்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற நண்பன் கித்தார். கிரேனைத் திருப்புகிற மாதிரியே பார்த்துப் பார்த்துத்தான் அவன் விரலை மாற்றுவான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் திரேஸ்புரத்தில் மைனி வீட்டு முன்னறையில் கூடுவோம். தோணிக்காரர்கள் கல்யாண வீடுகளில் வாசித்த பழைய மெட்டுகள்தான் எங்கள் சரக்கு.

கடைசியில் அண்ணனின் மெட்டு. பழைய பாணியில் அவரே கட்டியது. பாதிவரை எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "மிச்சத்த வந்து முடிக்கேம்லே" என்று கப்பலுக்குப் போனவர். அந்தப் பாதியோடு நாங்கள் நிறுத்திவிட வேண்டும், அது மைனியின் கட்டளை. நிறுத்தியதும் வீடு அமைதியாகிவிடும். மைனி அடுக்களை வாசலில் கொஞ்ச நேரம் நிற்பாள், பிறகு டீ வரும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடிக்காது. அறையில் இன்னொருவர் வில்லைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பதுபோல இருக்கும்.

டீச்சருக்கு வேறொரு தொல்லை. மைனி வீட்டிலேயே இருக்கும் பிடில் பெட்டியை வாரத்துக்கு வாரம் திறந்தால் தந்திகள் தளர்ந்திருக்கும். கடற்கரை ஊரில் அது சகஜம். ஆனால் ஒரு தந்தி மட்டும் சுருதி ஏறியிருக்கும்.

"உப்புக் காத்து, டீச்சர்" என்றேன்.

"உப்புக் காத்து ஒண்ண மட்டும் முறுக்குமா?" என்றார்.

அந்தத் தந்தியை அண்ணன் எப்போதும் ஒரு துளி கூட்டித்தான் வைப்பார். எனக்குத் தெரியும். என் பிடிலைச் சுருதி சேர்க்க ஆரம்பித்தேன்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று மணலை வாரி அடித்த ஒரு மதியம் கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றதும் வாசிப்பது துல்லியமாகக் கேட்டது. நிறுத்த வேண்டிய இடம் வந்தது. நாங்கள் நிறுத்தவில்லை. டீச்சரின் வில் போனது, என் வில் கூடவே போனது, யோசித்து யோசித்து விரல் வைக்கிற கித்தார்க்காரன்கூட யோசிக்காமல் வந்தான். மெட்டு கீழே இறங்கி, வளைந்து, ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

மைனி ஈரக் கையோடு வந்தாள். "இத எங்கன கேட்டிய? அவுக கடைசியா போன் பண்ணும்போது எனக்கு மட்டும் பாடிக் காட்டுனது."

பயம் வந்தால் எனக்குக் கோபமும் வரும். "மைனி, நாங்க கோயில் பாட்டுக்காரங்க. எந்தப் பாட்டையும் அந்தரத்துல விட எங்க கைக்குத் தெரியாது. அண்ணனுக்கும் அதே கைதான? அவரு முடிச்ச மாதிரியே நாங்களும் முடிச்சிருக்கோம். பழக்கதோஷம்!" என்று சத்தம் போட்டேன்.

அவள் கேட்டதாகவே தெரியவில்லை. "முடிக்க வாரேன்னு சொன்னாக. வந்து முடிச்சிட்டாக தம்பி" என்றாள். பிறகு சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சாமியார்ட்ட பூசைக்குச் சொல்லணும்" என்றாள்.

நாங்கள் மூன்று பேருமாகச் சேர்ந்து அவரைக் கொன்றுவிட்டதுபோல இருந்தது.

பூசையில் அந்த மெட்டு முழுதாக வேண்டும் என்றாள் மைனி. டீச்சர் வீட்டில் கூடிப் பழகிப் பார்த்தோம். முடிவு வரவில்லை. பழக்கதோஷம் என்று கத்தினேனே, அந்தப் பழக்கம் எங்கே போனதோ! ஆளுக்கொரு விதமாக முடித்தோம், ஒன்றும் அதுவாக இல்லை. மைனியிடம் சொல்லத் தைரியமில்லாமலே கோயிலுக்குப் போனோம். பாதிக்கு வந்ததும் மூவர் கையும் நின்றது. அதே அமைதி. முன்வரிசையில் வெள்ளைச் சேலையில் இருந்த மைனி, திரும்பிப் பார்க்காமல், வாயைத் திறக்காமல் முனகலாகவே மிச்சத்தைப் பாடி முடித்தாள்.

அடுத்த ஞாயிறு டீச்சர் பெட்டியைத் திறந்தார். நாலு தந்தியும் ஒன்றுபோலத் தளர்ந்து கிடந்தன. மைனி டீயோடு வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு விரலால் அந்தத் தந்தியைத் தொட்டாள்.

"இனிமே நீங்க வயலின்னே சொல்லிக்கிடுங்க" என்றாள்.