வௌவாலுக்கு ஒரு கான்

லிந்துலைக்குப் பக்கத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்தருகே பஸ் பழுதாகி நிற்கிறது. பொழுது சாயும் நேரம். கீழே நல்ல ஆறு ஓடுகிறது. வௌவால்களோ அதை விட்டுவிட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை ஒட்டி அடைத்துக் கிடக்கும் கழிவுநீர்க் கானின் மேல் பறந்து கொசு பிடிக்கின்றன. கானோரம் தோட்டத்துரை நட்ட புதிய பலகை: ‘வௌவால் ஈரநிலம்’. பங்களாவில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் கதிரை போட்டு வேடிக்கை பார்க்கிறார்கள்.

லயத்து வாசலில் நிற்கும் பெண்ணிடம் தயங்கிக் கேட்கிறேன்: “கானை வெட்டிவிட மாட்டாங்களா அக்கா?”

“காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் குடுக்கையில தினமும் கேட்டோம். வெட்டுறேன்னுதான் தொரை சொன்னாரு. இப்ப வெட்டுனா வௌவாலு பட்டினி கெடக்குமாம். காம்பராவுக்குள்ள தண்ணி ஏறுது, மகளுக்குக் காய்ச்சல் விடல. நாங்களும் தலைகீழா தொங்கியிருக்கணும்ங்க.”

உள்ளே மகள் இருமுகிறாள். வெள்ளைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரல் வைக்கிறார்.