அரிசி கழுவிய தண்ணீரும் என் கள்ளித் தூணும்

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு வழி சொல்பவர்கள், "முள்ளுத் தூணு வச்ச வூட்டாண்ட திரும்பு" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். வாசலில் பட்டங்களோடு என் பெயர்ப்பலகை பல வருடங்களாகத் தொங்குகிறது. அதை வைத்து யாரும் வழி சொன்னதில்லை. இருந்தாலும் எனக்குப் பெருமைதான். தூண் நான் வளர்த்தது.

கட்டைவிரல் உயரத்தில் வாங்கிய கள்ளி. பாலைவனத்தில் கம்பம் நட்டதுபோல் நேராக ஏறும் வகை. விற்றவர், "டெய்லி கொஞ்சம் தண்ணி வுடுங்க சார்" என்றார். இது செத்தால்தானே அடுத்தது விற்கும். நான் படித்துப் பார்த்து என் நடைமுறையை வகுத்தேன். தொட்டியில் பெரும்பங்கு மணலும் செங்கல் உடைசலும், மண் பேருக்கு. வெயில் காலத்தில் அடிமண் வரை காய்ந்த பிறகே தண்ணீர். மழைக்காலம் முழுக்க வாசல் கூரைக்கு அடியில், ஒரு சொட்டும் கிடையாது. அரசு அலுவலகத்தில் நான் வகுத்த நடைமுறைகளைப் பியூனிலிருந்து மேலதிகாரிவரை யாரும் மதித்ததில்லை. கள்ளி மதித்தது. என் தோளைத் தாண்டி வளர்ந்தது.

எதிர்வீட்டு அம்மாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. இந்தத் தெரு நெல்வயலாக இருந்தபோது அவர் குடும்பத்துக்குச் சொந்தம். இப்போது அதே இடத்தில் வாடகை வீடுகள் வைத்திருக்கிறார். சின்ன வயதில் நாற்று நட்ட கை அவருடையது.

"இன்னா சார், செடிய வாங்கி வச்சிகினு பட்னி போட்டுகினு கீறீங்க?"

"அதுக்குப் பட்டினிதாம்மா சாப்பாடு."

அவர் என் மனைவி பக்கம் திரும்பினார். "அக்கா, உனக்காவது குடிக்கத் தண்ணி குடுக்கறாரா?"

"மண்ணு காஞ்சா குடுப்பாரு" என்றாள் மனைவி.

போன மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, மகளின் பிரசவத்துக்காக நாங்கள் வெளியூர் போனோம். சாவியை எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்து, துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் தினமும் தண்ணீர், கள்ளிக்கு வேண்டவே வேண்டாம் என்றேன். தலையாட்டினார். அலுவலகமாக இருந்தால் கையெழுத்து வாங்கியிருப்பேன்.

பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது தூண் சாய்ந்திருந்தது. அடியில் விரல் வைத்தேன். கனிந்த வாழைப்பழத்தில் இறங்குவதுபோல் உள்ளே போனது. மணல்மேல் வெள்ளையாக ஆடை படிந்திருந்தது.

"தினிக்கும் ஊத்தினேன் சார்" என்றார் எதிர்வீட்டு அம்மா சந்தோஷமாக. "அரிசி கழுவின தண்ணி. நல்ல சத்து. வாயில்லாத ஜீவன், பாவம்."

நான் கறுத்த அடியைக் காட்டினேன். வயலில் பயிர் அழுகிப் பார்த்தவர். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அழுகல் மேலே ஏறினால் தூண் போய்விடும். வெட்டுவது ஒன்றுதான் வழி. பழைய கோணியைச் சுற்றி மனைவி தூணை அணைத்துப் பிடிக்க, சுடவைத்த ரம்பத்தால் அறுத்தேன். முதல் அறுப்பில் நடுவே பழுப்பு வளையம் தெரிந்தது. இன்னும் மேலே அறுத்தேன், அப்போதும் பழுப்பு. மூன்றாவது அறுப்பில்தான் வெள்ளரிக்காய்போல் சுத்தமாக இருந்தது. வெட்டுவாயில் பட்டைத்தூள் பூசச் சொல்லியிருந்தது புத்தகம். மனைவி மஞ்சள்தூளை நீட்டினாள். பட்டை பிரியாணிக்காம்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. என் இடுப்பளவுக்குக் குறைந்துவிட்ட தூணைக் கூடத்து ஜன்னல் கம்பியில் பழைய வேட்டியால் கட்டி நிறுத்தினேன். வெட்டுவாய் தக்கைபோல் இறுகும்வரை மண்ணைக் காட்டக்கூடாது. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற நாட்களில், கூடத்தில் ஒரு சொட்டு ஈரமும் படாமல் காவல் காத்தேன். வந்தவர்கள், "சார் யாரையோ கட்டிவச்சிகினு கீறாரு" என்று சிரித்தார்கள். எதிர்வீட்டு அம்மா சிரிக்கவில்லை. தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மழை ஓய்ந்ததும் காய்ந்த மணலில் நட்டேன். பிறகும் தண்ணீர் விடவில்லை. சும்மா இருப்பதுதான் இதில் கடினமான பகுதி. எனக்கு அதில் நீண்ட பணி அனுபவம் உண்டு. எதிர்வீட்டு அம்மாவுக்கு இல்லை. ஆனாலும் அரிசி கழுவிய பாத்திரத்தோடு வந்து, கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டு, கள்ளிப் பக்கம் திரும்பாமலே போவார்.

பொங்கல் கழிந்து ஒரு காலை, கோணித்துணியால் தூணைப் பிடித்து மெல்ல மேலே இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். மண் என் கையிலிருந்து அதைத் திருப்பி வாங்கிக்கொண்டது. உச்சியில் புதிய முட்கள் தேன் நிறத்தில் வந்திருந்தன. பணி ஓய்வு நாளில் போட்ட மாலைகூட எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

அவரும் துணியைச் சுற்றி இழுத்துப் பார்த்தார். "வேர் புடிச்சிகினு கீது சார்."

ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நம்பாமல் என்னைப் பார்த்தார்.

"நானா?"

"நீங்கதான்."

தூணைச் சுற்றி, நாற்றங்காலுக்கு விடுவதுபோல் நிதானமாக ஊற்றினார். டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் தட்டினார்.

"இவ்ளோதானா சார்?"

"இவ்வளவுதான். மறுபடி மண்ணு காஞ்சதும் கூப்பிடறேன்."