கரிவண்டி நின்ற புங்கமரம்

என் பெரியப்பா மாது, தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே பஸ் ஓட்டியவர். போன தை மாதம் காலமானார். ஓட்டியதைவிட, அந்த பஸ்ஸை ஓரிடத்தில் நிறுத்தியதைப் பற்றித்தான் எனக்கு எழுதத் தோன்றுகிறது.

நாற்பது வயதுக்குள் அவருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. முதலில் தீராத தாகம். ஓயாமல் ஒன்றுக்குப் போவார். தீர்த்தம்மாள் பெரியம்மா சோற்றையும் வெல்லத்தையும் குறைத்து ஓரளவு அடக்கினார். சில வருடங்களில் எல்லாம் தலைகீழாயிற்று. சிறுநீர் முட்டுவதே அவருக்குத் தெரியாமல் போனது. தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஒருநாள் சேலம் சேர்வதற்குள் காக்கி நிஜார் நனைந்துவிட்டது. ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீரை மடியில் கவிழ்த்துக்கொண்டு, "டப்பா சாஞ்சிருச்சுங்க" என்று சிரித்தாராம். அன்று வீட்டில் சாப்பிடவில்லை என்று பெரியம்மா சொன்னார்.

அடிக்கடி காய்ச்சலும் வரவே, சேலத்து டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"உள்ள நீர் தேங்குது. தேங்கினா சீழ் பிடிக்கும், காய்ச்சல் வரும். முட்டினாலும் முட்டாட்டியும் நேரம் பார்த்துப் போ. அவசரப்படாம முழுக்கப் போ."

"நான் ட்ரைவருங்களே."

"அப்போ வண்டிய நிறுத்து."

முதலாளியிடம் சொன்னால், வியாதிக்காரன் கையில் வண்டியைக் கொடுக்க மாட்டார். என்ன செய்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான், உலக யுத்தத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பு ஏறியது. கரி எரிந்து வரும் வாயுவில் வண்டி ஓடும். தொப்பூர் கணவாயில் நிறுத்திக் கிளறிக் கரி போடாவிட்டால் நகராது. கண்டக்டர் கரி போடுவார். பெரியப்பா சாலையோரப் புங்கமரத்துக்குப் பின்னால் போய் நிதானமாக நிற்பார். பெண்கள் ஓடைப்பக்கம் இறங்குவார்கள்.

"ஏனுங்க ட்ரைவரே, வண்டிக்கு இன்னிக்கும் பசிக்குதா?" என்று யாராவது கேட்பார்கள்.

"உங்களச் சொமக்குதில்லீங்க, பசிக்காதா?" என்பார்.

காய்ச்சல் வருவது நின்றது. நாடே யுத்தம் எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் கேட்கவில்லை.

முடிந்தது. அடுப்பைக் கழற்றினார்கள். வழியில் வீணாக நிறுத்தக்கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டு, முதல் நாளே செக்கர் சவுரியப்பனை ட்ரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார். அன்று விடியலில் புறப்படும்போது பெரியப்பா பெரியம்மாவிடம், "நிறுத்துனா வேலை போச்சு. நிறுத்தாட்டி நான் போனேன்" என்றாராம்.

கணவாய் வந்தது. புங்கமரம் தெரிந்தது. பெரியப்பாவின் கால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விலகியது. அப்போது பின்னாலிருந்து பஸ்ஸின் தகரத்தைப் படபடவென்று தட்டும் சத்தம். சேலத்துக்குப் புளி விற்கப் போகும் ராமக்காள்.

"நிறுத்து மாது! பொம்பளைங்க எறங்கணும்."

வண்டி நின்றது.

"பெட்ரோல் வண்டிக்கு இங்க என்னாத்துக்கும்மா நிறுத்தம்?" என்றார் செக்கர்.

"பெட்ரோலு குடிக்கிறது வண்டி. நாங்களா குடிக்கிறோம்? இருட்டோட கெளம்புனவங்கப்பா. ஆம்பளைங்க நீங்க எங்க வேணாலும் நிப்பீங்க. அந்தக் கரி இருந்த வரைக்கும் எங்களுக்கு வாய்விட்டுக் கேக்க வேண்டியதில்லாம இருந்துச்சு. எறங்குங்கடி எல்லாரும்!"

செக்கர் பதில் சொல்வதற்குள் பாதி வண்டி காலி. ட்ரைவர் சீட்டைக் கடக்கும்போது ராமக்காள் குரலைத் தணித்துக்கொண்டார்.

"கரி அடுப்பு இருந்தது வண்டிக்குப் பின்னால. நீ போனது மரத்துக்குப் பின்னால. எங்களுக்கென்ன கண்ணு இல்லியா? போயிட்டு வா சாமி, அவசரமில்ல."

பெரியப்பா அவசரப்படாமல் போய்விட்டு வந்தார். திரும்பியபோது செக்கரின் இடமும் காலியாக இருந்தது. சற்று நேரம் கழித்து அவர் ஒரு புதர் மறைவிலிருந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து ஏறி உட்கார்ந்தார். பெண்களுக்காக அங்கே ஒரு நிறுத்தம் தேவை என்று முதலாளியிடம் சொன்னவரும் அவர்தான்.

அதன்பின் கடைசிவரை பெரியப்பாதான் அந்த வண்டியை ஓட்டினார். தண்ணீரை மடியில் கவிழ்க்காமல் தாகத்துக்குக் குடித்தார். யாருக்கும் பயப்படாமல் சிரித்தார்.

போன வாரம் அதே பஸ்ஸில் சேலம் போனேன். புது ட்ரைவர் இளவயது. ஒரு வியாதியும் இல்லை. புங்கமரம் வந்ததும் வண்டி தானாக நின்றதுபோல் நின்றது. முதலில் இறங்கியது ராமக்காள்.